அடியில் தண்ணீர் போகவேண்டும்

ஏப்ரல் 17, திங்கள்

விடியற்காலைக் காற்றில் தம்பியின் வள்ளம் மூழ்கிவிட்டது. நடுக்கடலில் என்றாலும் மனம் ஆறும். துறைமுகத்துக்கு உள்ளேயே, கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். நங்கூரம் அறுந்து வந்த பெரிய விசைப்படகு ஒன்று இடித்து, பின்பக்கப் பலகை பிளந்திருக்கிறது. தடுக்கிறேன் பேர்வழி என்று தொம்மை படகு விட்டுப் படகு தாவியிருக்கிறான். வலது கால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் பெண்டாட்டி இஞ்ஞாசி நனைந்த சேலையோடு நின்றுகொண்டிருந்தாள். நர்சு என்னிடம், "நீங்க யாரும்மா?" என்றாள். அக்கா என்றேன். "அவங்க?" அவன் பெண்டாட்டி என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இஞ்ஞாசியோடு நான் பேசி ஆறு வருடம் ஆகிறது. ஒரே வளவுதான், முன்கட்டு எனக்கு, பின்கட்டு அவர்களுக்கு. சொல்ல வேண்டியதைத் தொம்மையிடம் சொல்வேன், அவன் போய்ச் சொல்வான். இப்போது அந்தத் தபால்காரன் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறான்.

ஏப்ரல் 18, செவ்வாய்

மாதிரித் தேர்வுத் தாள் திருத்தினேன். ஐம்பத்தெட்டில் முப்பத்தொன்று தேறவில்லை. பாய்ம இயந்திரவியல் என்றால் இந்தப் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குப் பேயைக் கண்ட மாதிரி.

காலையில் வாசற்படியில் மூடி வைத்த டீ இருந்தது. யார் வைத்தது என்று கேட்பானேன். வீணாகப் போகவேண்டாமே என்று குடித்தேன்.

ஏப்ரல் 20, வியாழன்

நோட்டீஸ் வந்துவிட்டது. வள்ளம் போக்குவரத்துப் பாதையில் கிடக்கிறதாம். மே 11-க்குள் அகற்றாவிட்டால் அவர்களே ரம்பம் வைத்து அறுத்து, துண்டு துண்டாக எடுத்துவிடுவார்களாம். மிதவைக் கிரேன் கேட்டால் ஜூன் மாதம்தான் இந்தப் பக்கம் வருமென்கிறார்கள்.

தொம்மை குலுங்கிக் குலுங்கி அழுதான். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை. "வள்ளம் போச்சுன்னா நான் குவைத்துக்குத்தான் போணும் யக்கா. இவ பாம்பன்ல அவ அம்மா வீட்டுக்குப் போய்ப் பழையபடி கடல்பாசி எடுக்கணும். குடும்பம் ரெண்டாப் போயிரும்."

இஞ்ஞாசி அழவில்லை. ஜன்னல் வழியாகக் கடல் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழாதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் 22, சனி

கணக்குப் போட்டுவிட்டேன்! இருபது வருடமாகக் கரும்பலகையில் எத்தனை கப்பலை மிதக்கவிட்டவள், தம்பியின் வள்ளத்தை விட்டுவிடுவேனா?

எஞ்சினும் இரும்புச் சாமானும் சேர்த்து வள்ளத்தின் எடை ஏழு டன். அது விலக்குகிற தண்ணீரின் எடையைக் கழித்தால், தண்ணீருக்குள் நான்கு டன். நீல நிற இருநூறு லிட்டர் டிரம் ஒன்று, தன் சொந்த எடை போக, நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோவைத் தூக்கும். இருபத்தொரு டிரம் போதும். கையிருப்புக்கு ஐந்து கூட்டினால் இருபத்தாறு. காற்றடைத்து இறுக மூடி, வள்ளத்தின் இரண்டு விலாவிலும் கட்டிவிட்டால் தானாக எழும்பும். படமும் வரைந்தேன். மூன்று வண்ணப் பேனா.

ஏப்ரல் 23, ஞாயிறு

மானம் போயிற்று.

பூசை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். சங்கு குளிக்கும் படகு வைத்திருக்கும் மிக்கேலையும் வரச் சொல்லியிருந்தேன். தொம்மைக்குப் பள்ளிக்கூடக் கூட்டாளி. கட்டிலின் மேல் தாளை விரித்து விளக்கினேன். மிக்கேல் வாயைப் பிளந்துகொண்டு, "டீச்சர்னா டீச்சர்தான்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கட்டிலின் கால்மாட்டிலிருந்து இஞ்ஞாசி மிக்கேலைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, காத்தடைச்ச டிரம்ம யாரு கீழ கொண்டு போவா?"

தொம்மை சிரித்தான். சிரித்ததில் கால் வலித்து "யம்மா" என்று கத்தினான், கத்திவிட்டு மறுபடி சிரித்தான்.

நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோவைத் தூக்குகிற டிரம்மைக் கீழே அமுக்கவும் அதே நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ வேண்டும். என்னைப் போல மூன்று பேர் அதன்மேல் உட்காரவேண்டும். கணக்கில் டிரம் எப்போதும் அடியிலேயே இருக்கும். எப்படி அங்கே போயிற்று என்று புத்தகம் கேட்பதில்லை.

"அப்ப நீயே ஒரு வழி சொல்லேன்" என்றேன், சுள்ளென்று.

"மூடியைக் கழட்டிட்டு, தண்ணி ரொப்பிக் கொண்டு போகலாம் மைனி. உள்ள தண்ணி இருந்தா அது மல்லுக்கு நிக்காது. கீழ போய், வாய் தரையப் பாக்குற மாதிரி கவுத்துக் கட்டிட்டு, கம்ப்ரசர் குழாய உள்ள விட்டாப் போதும். காத்து மேல போய் நின்னுக்கிட்டு, தண்ணியக் கீழ தள்ளிரும்."

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதைச் சரிபார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். கண்டது வேறு: அடியில் காற்றை நிரப்பி மூடியிருந்தால், மேலே வர வர அழுத்தம் குறைந்து, காற்று ஒன்றரை மடங்காக விரிந்து டிரம்மையே பிளந்திருக்கும். வாய் திறந்திருந்தால் மிச்சக் காற்று தானே வழிந்துவிடும். எட்டாம் வகுப்போடு நின்றவள்! சும்மா சொல்லக்கூடாது, சரியான மூளை.

நான் அவளிடம் பேசிவிட்டேன், அவளும் என்னை மைனி என்று நாத்தனார் முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஏப்ரல் 25, செவ்வாய்

வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன்: கடலடியில் காற்றடைத்த டிரம் கட்டப்பட்டிருக்கிறது, கயிற்றின் இழுவிசை என்ன? எல்லாரும் மளமளவென்று போட்டார்கள். எப்படிக் கீழே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கோபம் வந்தது. பிள்ளைகள் மேல் என்ன கோபம், நான் மட்டும் கேட்டேனா?

ஏப்ரல் 27, வியாழன்

டிரம் சேர்ந்துவிட்டது. மிக்கேல் கம்ப்ரசரும் படகும் தருகிறான். ஆனால் சங்குக்கு மூழ்கும் அவனுடைய குளியாட்கள் இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள். துறைமுகத் தண்ணீர் கலங்கல், கிழிந்த வலை வேறு சுற்றிக் கிடக்கிறது, உயிருக்கு யார் பொறுப்பு என்கிறார்கள். நியாயம்தான்.

"நான் இறங்குறேன்" என்றாள் இஞ்ஞாசி. பன்னிரண்டு வயதிலிருந்து மூச்சடக்கிப் பாறையில் பாசி எடுத்தவளாம். இதுவும் எனக்கு இன்றுதான் தெரியும். நான் கேட்டதுமில்லை.

தொம்மை கூடாது என்றான். நானும் கூடாது என்றேன். பாதுகாப்பு கருதித்தான். வேறு காரணம் இல்லை.

"பின்ன யாரு இறங்குவா?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 29, சனி

இன்று முதல் முறை இறங்கினாள். பழைய சட்டை, பாவாடையைக் கால்சட்டை போல இழுத்துச் செருகி, முகத்தில் கண்ணாடி. முதலில் காற்று வரும் ஓஸ் குழாய் இல்லாமல் வெறும் மூச்சோடு போனாள், இடம் பார்த்து வர. நான் படகுத்துறை மேடையில் குடையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி ஆனதும் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். எழுபத்தொன்றாவது விநாடியில் தலை தெரிந்தது. மூச்சு வாங்கவில்லை. நான்தான் வாங்கினேன்.

மேடைக்கு நீந்தி வந்து, என் நோட்டை வாங்கி, ஈர விரலாலேயே வரைந்து காட்டினாள்: வள்ளம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு கிழக்கே, அடி சேற்றில் முழங்கால் ஆழம். அவள் மீட்டர் சொல்வதில்லை. "மூணு ஆள் ஆழம் மைனி." வடம் போட்டுப் பார்த்தோம், ஐந்து மீட்டர்.

மிக்கேல் என்னைப் படகில் வரச்சொல்லிக் கூப்பிட்டான். வேண்டாம் என்றேன். கணக்கைக் கரையிலிருந்தும் போடலாம். அப்பா கடலில் போனதிலிருந்து நான் படகு ஏறுவதில்லை, ஏறவேண்டிய வேலையும் வந்ததில்லை.

மே 1, திங்கள்

பன்னிரண்டு டிரம் கட்டியாயிற்று. வெயிலில் மூக்குத் தோல் உரிகிறது, என்னுடையது.

மே 3, புதன்

ஒரு காதில் பஞ்சு வைத்திருக்கிறாள். கேட்டால், "சும்மா குடைச்சல்" என்கிறாள். இரண்டு ஆள் ஆழத்துக்கே காது வலிக்கும், அழுத்தம் ஏறும் வேகம் அப்படி. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி அவள் படியில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் டீ வந்த டம்ளரைத் திருப்பி வைக்கப் போகவேண்டியிருந்தது, அதோடு சேர்த்து.

அவள் முடிச்சுப் போடுவதைப் பார்க்கவேண்டும். கலங்கல் தண்ணீரில் கண் எதற்கு, கை போதும் என்கிறாள். இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் பதினைந்து, வலப்பக்கம் பதினொன்று என்று அவளாகப் பிரித்திருக்கிறாள். நான் சமமாகப் பதின்மூன்று பதின்மூன்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டுத் திருத்தினேன். சிவப்புப் பேனாவால் என் தாளை நானே திருத்துவது இதுதான் முதல் தடவை.

மே 7, ஞாயிறு

நேற்றே இருபத்தாறும் கட்டி முடிந்தது. இன்று காற்று நிரப்பியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். "நோட்டீஸ் கொடுத்தவன் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டா எண்ணுவான்?" என்று மிக்கேலிடம் சண்டை போட்டேன். "கடலுக்கும் ஒரு நா லீவு வேணும்லா டீச்சர்" என்றான். நான்கு நாள்தான் இருக்கிறது.

மே 8, திங்கள்

இருபத்தாறு டிரம்மும் நிரம்பி, ஒவ்வொன்றின் வாயிலும் குமிழி வழிந்தது. அப்படியென்றால் ஐந்து டன் தூக்குவிசை. நான்கு டன் வள்ளம்.

அசையவில்லை.

துறைமுகமே கூடி நின்று பார்த்தது. ஒரு கிழவர், "கணக்கு டீச்சர் கணக்கு ஊத்திக்கிச்சு" என்றார். இன்னொருத்தி, இஞ்ஞாசி காதில் விழும்படியே, "அவ ராசி அப்படி" என்றாள். நான் திரும்பி, "உன் வாயில வசம்பைத்தான் வைக்கணும்" என்றேன். எனக்கே ஆச்சரியம். மிக்கேல் இன்னும் எட்டு டிரம் போடலாம் என்கிறான். எனக்கும் வேறு யோசனை தோன்றவில்லை, சரி என்றேன்.

மே 9, செவ்வாய்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மதியம் வரை எனக்குத் தேர்வறைக் காவல். பொழுது போகாமல் வினாத்தாளைப் படித்தேன். மூன்றாவது கேள்வி: மிதப்பு விசை எதனால் உண்டாகிறது? பொருளின் மேலே அமுக்குகிற தண்ணீரைவிட, கீழிருந்து தள்ளுகிற தண்ணீருக்கு அழுத்தம் அதிகம் என்பதால். ஆயிரம் முறை சொல்லிக் கொடுத்த பதில். சேற்றில் புதைந்த வள்ளத்தின் அடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது? கீழிருந்து தள்ள ஆளே இல்லை, மேலே மட்டும் கடல் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அசையவில்லை. எட்டு டிரம் கூடுதலாக நிரப்பினால், சேறு விடுகிற நொடியில் அவ்வளவு விசையும் ஒன்றுசேர்ந்து வள்ளத்தை வெடுக்கென்று எறியும், புரண்டாலும் புரளும். பக்கத்தில் இருப்பவள் இஞ்ஞாசி.

காவலை அடுத்த அறை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். துறைமுகத்தில் கம்ப்ரசர் சத்தம் கேட்டது. கட்டுமரம் ஒன்று நின்றது. ஏறி, மிக்கேலின் படகுக்குப் போய்விட்டேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் தெரியாது.

"மிக்கேலு, நிறுத்து!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. அவள் மூச்சுக்கும் டிரம்முக்கும் ஒரே கம்ப்ரசர். நிறுத்தினால் அவள் மூச்சும் நிற்கும். "டிரம்முக்குப் போற குழாய மட்டும் மூடு!" மூடினான். அவள் இடுப்புக் கயிற்றை வாங்கி மூன்று தடவை இழுத்தேன். மூன்று இழுத்தால் மேலே வா. பதிலுக்கு ஒரே ஒரு இழுப்பு வந்தது. ஒன்று என்றால் நன்றாக இருக்கிறேன். மறுபடி மூன்று. மறுபடி ஒன்று. சேசுவே, அந்தத் திமிரை என்னவென்று சொல்ல! அப்போது எட்டு டிரம்மும் இருந்த இடத்தில் பெரிய பெரிய குமிழியாகக் கிளம்பிக் கடல் கொதித்தது. போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அவளாகத்தான் மேலே வந்தாள். படகு விளிம்பைப் பிடித்து, வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அடியில தண்ணி இல்ல மைனி. கைய விட்டுப் பாத்தேன், சேறு அப்படியே ஒட்டிக் கிடக்கு. அப்படியே விட்டா மொத்தமாத் துள்ளிரும்னு, புதுசாக் கட்டுன எட்டையும் சாச்சுக் காத்த விட்டுட்டேன்."

நான் தேர்வறையில் கண்டுபிடித்ததை அவள் கையால் தொட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். அதைச் சொல்லத்தான் நான் தலைதெறிக்க ஓடிவந்திருந்தேன்.

"மூணு தடவ இழுத்தேனே, ஏன்டி வரல?"

"வேல பாதியில கிடந்துச்சு மைனி."

"நீ செத்துப் போயிருந்தா நான் என்னடி பண்ணுவேன்?" என்று துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அழுதும்விட்டேன். மிக்கேல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் தண்ணீரில் மிதந்தபடியே என்னையே பார்த்தாள்.

பிறகு இருவரும் படகிலேயே உட்கார்ந்து யோசித்தோம். படகு கழுவும் பம்பின் ஓஸால் சேற்றுக்குள் தண்ணீர் பாய்ச்சலாம் என்றேன். நடுவிலா, ஓரத்திலா என்று குழம்பினேன். "தோசைய நடுவுல குத்தியா எடுப்பீக? ஓரத்துலதான் கரண்டி விடணும்" என்றாள். சரிதான். ஓரத்தில் தண்ணீர் புகுந்தால், புகுந்த இடத்தில் தூக்குவிசை பிறக்கும், அது அடுத்த இடத்தைப் பெயர்க்கும். இதைவிட நன்றாக எந்தப் பொறியாளர் சொல்லியிருப்பார்?

மே 10, புதன்

பதினொன்று நாற்பதுக்கு எழுந்தது!

பின்பக்க ஓரத்தில் தொடங்கி, ஒரு முழம் ஒரு முழமாக அடியில் தண்ணீரை விட்டுக்கொண்டே போனாள். இரண்டரை மணி நேரம். இந்த முறை கயிறு என் கையில்தான் இருந்தது. கால் மணிக்கு ஒரு தரம் இழுத்தேன், ஒவ்வொரு தரமும் ஒன்று வந்தது. கடைசியில் நான் இழுக்காமலே இரண்டு வந்தது: விலகிவிட்டேன், பாருங்கள் என்று அர்த்தம். முதலில் சேற்றுக் கலங்கல், அப்புறம் நீல டிரம்கள், அதற்கு நடுவில் வள்ளத்தின் விளிம்பு. துள்ளவில்லை, புரளவில்லை. இடப்பக்கச் சாய்வுகூட நிமிர்ந்திருந்தது. பதினைந்துக்குப் பதினொன்று!

மிக்கேல் விசில் அடித்தான். ராசி பேசியவள் குலவை போட்டாள். நான் கைதட்டினேன், கணக்கு நோட்டு தண்ணீரில் விழுந்துவிட்டது. போகட்டும்.

டிரம்களோடு இழுத்துப்போய் வின்ச் வைத்துச் சரிவில் ஏற்றினோம். பிளந்த பலகை வழியாகவே தண்ணீர் வடிந்தது.

மே 11, வியாழன்

நோட்டீஸ் கொடுத்த அதிகாரி வந்தார். சரிவில் நிற்கும் வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அகற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொம்மைக்குப் போன் செய்தேன். குவைத் பேச்சையே எடுக்கவில்லை, ஆசாரிக்கு யாரைச் சொல்லலாம் என்று கேட்டான்.

சாயங்காலம் பின்கட்டில் இஞ்ஞாசி சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். செதிலை உரசிக்கொண்டே கேட்டாள், "மைனி, கீழ இருக்கும்போது கடல் என்னைய எவ்வளவு அமுக்கும்? அதுக்குக் கணக்கு இருக்கா?"

இருக்கிறதாவது! பேனாவை எடுத்தேன். ஐந்து மீட்டர் ஆழம், ஆள் உடம்பின் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெருக்கினால் எட்டு டன்.

"அடியாத்தி, நம்ம வள்ளத்த விடக் கூடவா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுக்கும், நீ இழுக்கிற மூச்சுக்கும் அதே அழுத்தம் இருக்கும், அதனால் உடம்புக்குத் தெரியாது என்று பாடம் நடத்தினேன். என் வகுப்பில் யாரும் அப்படிக் கவனித்ததில்லை. முழுதும் கேட்டாள். பிறகு மீனைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அது தெரியல மைனி. இந்த வீட்டுல ஆறு வருசமா நீங்க எங்கூட ஒரு வார்த்த பேசாம இருந்தீகளே, அது தெரிஞ்சுது. தெனமும் தெரிஞ்சுது."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

பேனாவை மூடினேன். "தப்பு எம்மேலதான் இஞ்ஞாசி" என்றேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அவன் உன்னைக் கட்டிட்டு வந்தான். அவனை வளர்த்தவ நான், அவன்கிட்டக் கோவிச்சுக்க மனசு வரல. அதையெல்லாம் உன் தலையில போட்டேன். நீ எனக்கு ஒரு குத்தமும் பண்ணல."

அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். கையெல்லாம் செதில், ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "அசையாத, கண்ணுல போயிரும்" என்று சொல்லி நகத்தால் எடுத்துவிட்டேன்.

அரிவாள்மணையை என் பக்கம் தள்ளினாள். மீதி மீனை இரண்டு பேருமாக ஆய்ந்து முடித்தோம்.